ஜாக்கெட் அப்புறம், முதலில் மிஷின்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையின் பெண்கள் இணைப்பில் வருகிற தையல் பகுதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குறை சொல்லத்தான் எழுதுகிறேன், ஆனால் அதில் வருவதெல்லாம் தப்பு என்று சொல்லவில்லை. போட் நெக், பஃப் கை, முதுகில் ஜன்னல் வைத்து முடிச்சுக் கயிறு, எல்லாம் படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அளவு எடுப்பது எப்படி, காகிதத்தில் வரைந்து வெட்டுவது எப்படி என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறீர்கள். சரி, வெட்டியாயிற்று. அதை எதில் தைப்பது? மிஷினில் நூல் எந்த வழியாகப் போக வேண்டும், ஊசி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், மிதியில் கால் எப்படி வைக்க வேண்டும், இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. முதல் வாரமே ஜாக்கெட்டில் ஆரம்பித்துவிட்டீர்கள்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் மிஷின் ரிப்பேர் செய்கிறவன். உங்கள் இணைப்பைக் கத்தரித்து மிஷின் மேலேயே ஒட்டி வைத்திருக்கிற வீடுகளுக்கு நான் போகிறேன். "அண்ணா, மிஷின் கெட்டுப்போச்சு, கொஞ்சம் வந்து பாருங்க" என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் பாதிக்கு மேல் மிஷினில் ரிப்பேரே இருக்காது. நூல் ஒரு இடத்தில் மாட்டாமல் விட்டிருப்பார்கள், இல்லை ஊசி திரும்பியிருக்கும், இல்லை துணியை நகர்த்துகிற பல்லுக்கு அடியில் பஞ்சு அடைத்துக் கிடக்கும். ஐந்து நிமிட வேலை. அதற்கு நான் காசு வாங்கினால் மனசாட்சி உறுத்துகிறது, வாங்காவிட்டால் பெட்ரோல் நஷ்டம். இதையெல்லாம் பேப்பரில் எழுதி என் பிழைப்பில் நானே மண்ணைப் போட்டுக்கொள்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள். பரவாயில்லை, நிஜமான ரிப்பேர் ஊரில் போதுமான அளவு இருக்கிறது.

வடசென்னையில் மிஷினுக்குப் பஞ்சமே இல்லை. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எந்தத் தெருவில் வேண்டுமானாலும் நுழைந்து பாருங்கள். எம்.சி. ரோடு கடைகளுக்கு நைட்டி, உள்பாவாடை தைத்துக் கொடுக்கிற வீடுகள் ஒரு பக்கம். பெரம்பூரில் பின்னி மில் ஓடிய காலத்தில் தாத்தா போனஸில் வாங்கிய கறுப்பு மிஷின், மில் மூடி எத்தனையோ வருடம் ஆகியும் இன்னும் கூடத்தில் நிற்கிறது. கல்யாணச் சீரில் வந்தது இன்னொன்று. அரசாங்கம் கொடுக்கிற இலவசத் தையல் இயந்திரமும் இருக்கிறது. அந்தத் திட்டத்துக்குப் பேர் வைத்திருக்கிற சத்தியவாணி முத்து அம்மையார் நம் பெரம்பூர் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போய் அமைச்சரானவர், அது இங்கேயே பலருக்கு மறந்துபோய்விட்டது. 20 முதல் 40 வயதுக்குள் இருக்கிற, ஆதரவில்லாத, வசதியில்லாத பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதில் மிஷின் கிடைக்கிறது, தையல் தெரியும் என்று சான்றிதழும் காட்ட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் சான்றிதழ் கொடுக்கிற வகுப்புகளில் நான் பார்த்தவரை மிஷினை டீச்சர் ஏற்கெனவே தயார் செய்து வைத்திருப்பார். நூல் கோத்திருக்கும், கீழ் நூலுக்கான சின்ன உருளை, அதாவது பாபின், சுற்றியிருக்கும், பிள்ளைகள் உட்கார்ந்து தைப்பதுதான் பாக்கி. வீட்டுக்கு வந்து நூல் அறுந்ததும் கை கட்டிப்போகிறது. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் மிஷின் மேல் மடித்த துணி, துணி மேல் டிவி ரிமோட்.

எனக்கு வருகிற புகாரில் முதலிடம் "கீழே நூல் கொசகொசன்னு சுத்திக்குது" என்பதற்குத்தான். துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் காசிமேட்டுக் கரையில் சிக்கிக் கிடக்கிற வலை மாதிரி நூல் ஒரு கொத்தாகப் பிடித்திருக்கும். கீழே சிக்கு விழுவதால் கீழே இருக்கிற பாபினில்தான் கோளாறு என்று நினைத்து, பாபின் உட்காருகிற கூட்டை, அதாவது பாபின் கேஸைக் கழற்றுவார்கள், அதில் இருக்கிற குட்டித் திருகைத் திருப்புவார்கள், அது தெறித்துக் கட்டிலுக்கு அடியில் போய்விடும். அப்புறம்தான் எனக்குப் போன். கோளாறு மேலே இருக்கிறது என்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மேல் நூல், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டு இரண்டுக்கும் நடுவில் உட்கார வேண்டும். உட்காராமல் ஓரமாக நின்றால் நூலுக்குப் பிடிமானமே இல்லை, ஊசி இறங்கும்போதெல்லாம் வேண்டிய மட்டும் நூல் கீழே போய்ச் சுருண்டுகொள்ளும். ஏன் உட்காரவில்லை? ஏனென்றால் துணியை அழுத்துகிற பாதத்தை இறக்கி வைத்துக்கொண்டே நூல் கோத்திருப்பார்கள். பாதம் கீழே இருந்தால் அந்தத் தட்டு இரண்டும் இறுக்கமாக மூடியிருக்கும். பாதத்தைத் தூக்கினால் திறந்துகொள்ளும். ஆகவே நூல் கோக்கும்போது பாதம் மேலே, தைக்கும்போது பாதம் கீழே. தைக்கும்போது இறக்க மறந்தாலும் இதே சிக்குதான் விழும். இந்த ஒரு விஷயத்தை நீங்கள் பெரிய எழுத்தில் போட்டாலே எனக்கு வாரத்தில் பாதி நாள் லீவு கிடைக்கும்.

கோக்கிற வழியும் கஷ்டமில்லை. நூல்கண்டிலிருந்து மேலே இருக்கிற கொக்கி, அங்கிருந்து டென்ஷன் தட்டுக்கு நடுவே, பக்கத்தில் இருக்கிற சின்னக் கம்பிச் சுருள், பிறகு மேலும் கீழும் ஆடுகிற கை இருக்கிறதே அதன் ஓட்டை, கடைசியில் ஊசி. அந்த ஆடுகிற கையை விட்டுவிட்டால் நாலு தையல்கூடப் போகாது, மிஷின் இறுகி நின்றுவிடும். தைக்க ஆரம்பிக்கும் முன் மேல் நூல், கீழ் நூல் இரண்டின் நுனியையும் ஒரு விரல் நீளத்துக்கு வெளியே இழுத்துப் பாதத்துக்குப் பின்னால் விட வேண்டும், முதல் சில தையல் போகும்வரை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. முடிக்கும்போது மிஷினின் அந்த ஆடுகிற கை உச்சியில் நிற்கும்படி சக்கரத்தைச் சுற்றி நிறுத்திவிட்டுத் துணியை எடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை ஆரம்பித்ததும் நூல் ஊசியை விட்டு உருவிக்கொண்டு போகும். "நான் கோக்கக் கோக்க கழண்டுடுது அண்ணா" என்று ஒரு பாப்பா அழாத குறையாகச் சொன்னது, அதற்கு இதுதான் காரணம்.

டென்ஷன் என்ற வார்த்தையைக் கேட்டாலே நிறையப் பேருக்கு டென்ஷன் வந்துவிடுகிறது. விஷயம் என்னவென்றால், மிஷின் தையல் ஒரே நூலால் போடுவது அல்ல. கண் நுனியில் இருக்கிற ஊசியை வைத்து, மேல் நூல் ஒன்று கீழ் நூல் ஒன்று என்று இரண்டையும் பூட்டுகிற மிஷினுக்கு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846-ல் காப்புரிமை வாங்கினார், ஐசக் சிங்கர் 1851-ல் தன்னுடையதற்கு வாங்கினார், அன்றிலிருந்து இன்றுவரை வீட்டில் இருக்கிற மிஷின் அதே முறையில்தான் தைக்கிறது. இரண்டு நூலும் பூட்டிக்கொள்கிற இடம் துணியின் நடுவில் மறைந்திருக்க வேண்டும். அது சரியாக இருக்கிறதா என்று பார்க்க மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை நூல் போட்டு ஒரு துண்டுத் துணியில் தைத்துப் பாருங்கள். துணியின் மேல்பக்கம் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல் நூல் இறுக்கம் அதிகம். அடிப்பக்கம் சிவப்பு தெரிந்தால் மேல் நூல் தளர்ந்திருக்கிறது. டென்ஷன் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி மறுபடியும் தைத்துப் பார்த்தால் ஒரு மதியத்தில் புரிந்துவிடும். கறுப்பு நூலே இரண்டு பக்கமும் போட்டுப் பழகுகிறவர்களுக்கு ஒரு வருடம் ஆனாலும் புரியாது. பாபின் கேஸுக்கும் ஒரு சோதனை இருக்கிறது, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டால் அது அப்படியே நிற்க வேண்டும், லேசாக உதறினால் கொஞ்சம் இறங்க வேண்டும். சும்மா விட்டதுமே சரசரவென்று இறங்கினால் தளர்வு, உதறியும் அசையாவிட்டால் இறுக்கம். அந்தச் சின்னத் திருகை கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள், அதுவும் ஒரு தட்டு வைத்து அதற்கு மேலே பிடித்துக்கொண்டு திருப்புங்கள்.

பாபின் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. பாபினில் நூல் சுற்றும்போது ஊசி ஓடாமல் இருக்க, சக்கரத்தின் நடுவில் இருக்கிற திருகைத் தளர்த்துவோம். சுற்றி முடித்து அதைத் திரும்ப இறுக்க மறந்துவிட்டு, சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை, மிஷினுக்குள் ஏதோ உடைந்துவிட்டது என்று திருவொற்றியூரிலிருந்தெல்லாம் போன் வரும். உடையவில்லை. திருகை இறுக்குங்கள். அவ்வளவுதான்.

ஊசிக்கு வருகிறேன், இதில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வீட்டு மிஷின் ஊசியின் காம்பில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், எதிர்ப்பக்கம் நுனிவரை ஒரு நீளமான பள்ளம் ஓடும். நூலை எப்போதும் அந்தப் பள்ளம் இருக்கிற பக்கத்திலிருந்துதான் கண்ணுக்குள் விட வேண்டும். தட்டைப் பக்கம் எங்கே பார்க்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் மாறும், மிஷினோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள், அது இல்லையென்றால் இருக்கிற ஊசியைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசியை முட்டும்வரை மேலே தள்ளி இறுக்க வேண்டும், நூலிழை அளவு கீழே இறங்கியிருந்தாலும் தையல் விட்டுவிட்டு விழும். நம் பக்கத்தில் இன்னொரு தனிப் பிரச்சினை இருக்கிறது. எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை செய்கிற அக்காவோ அண்ணியோ பக்கத்து வீட்டில் இருப்பார்கள், அங்கிருந்து ஊசி கொண்டுவந்து தருவார்கள். கம்பெனியில் வேகமாக ஓடுகிற பவர் மிஷின் ஊசிக்குக் காம்பு முழு உருண்டை, தட்டைப் பக்கமே கிடையாது, தடிமனும் வேறு. அதை வீட்டு மிஷினில் மாட்டிவிட்டு, பாபினை மாற்றி, நூலை மாற்றி, டென்ஷனை மாற்றி, கடைசியில் மிஷினையே விற்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ஊசி நம்பரும் பார்த்து வாங்குங்கள். பாக்கெட்டில் 90/14 என்று போட்டிருந்தால் ஊசித் தடிமன் 0.9 மில்லிமீட்டர் என்று அர்த்தம். சாதாரண காட்டனுக்கு 14, மெல்லிய பட்டுக்கும் ஜார்ஜெட்டுக்கும் 9 அல்லது 11, தடித் துணிக்கு 16, ஜீன்ஸுக்கு 18. பனியன் துணிக்கு நுனி உருண்டையான ஊசி தனியாக விற்கிறார்கள். தைக்கும்போது துணியில் டப் டப் என்று சத்தம் கேட்டாலோ, துணியில் இழை இழுத்தாலோ, ஊசி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மாற்றிவிடுங்கள். ஒரு டீ குடிக்கிற காசுதான் வரும், அதற்குப் போய் உடையும்வரை ஓட்டுகிற பழக்கம் நம் ஆட்களுக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

இனி கால். மிதி மிஷினில் புதிதாக உட்காருகிறவர்களுக்குச் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவதுதான் பெரிய தொல்லை, பின்னால் சுற்றினால் நூல் சிக்கி அறுந்துவிடும். சக்கரத்தின் மேல்பக்கம் எப்போதும் நம்மைப் பார்த்து வர வேண்டும். வலது கையால் அதை நம் பக்கமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு, செருப்பில்லாமல், ஒரு காலைக் கொஞ்சம் முன்னே ஒரு காலைக் கொஞ்சம் பின்னே வைத்து, குதிகாலும் முன்பாதமுமாக மாறி மாறி அழுத்த வேண்டும். முதலில் நடுத்திருகைத் தளர்த்திவிட்டு நூலும் வேண்டாம் ஊசியும் ஓட வேண்டாம், சக்கரம் மட்டும் ஒரே சீராகச் சுற்றட்டும். நிறுத்தணும் என்று நினைத்த இடத்தில் நிற்கிற வரைக்கும் இதையே செய்யுங்கள். போரடிக்கும்தான். டிவி பார்த்துக்கொண்டே செய்யலாம், கண்ணுக்கு இதில் வேலை இல்லை. தோல் பெல்ட் மழைக்காலத்தில் நெகிழ்ந்துபோய் வழுக்கும், கால் மிதிக்கும் சக்கரம் சுற்றாது. அப்போது பெல்ட்டில் ஒரு துண்டு வெட்டி மறுபடியும் கிளிப் போட்டால் போதும். பெல்ட்டையே புதிதாக வாங்கச் சொல்லி யாராவது சொன்னால் இருக்கிற தோல் வெடித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கால் பழகியதும் நேராகத் துணிக்குப் போகாதீர்கள். கோடு போட்ட நோட்டுத் தாளை எடுத்து, நூல் இல்லாமல், கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். ஓட்டை வரிசையாகக் கோட்டில் விழுகிறதா இல்லையா என்று தாள் பொய் சொல்லாமல் காட்டிவிடும். அப்புறம் தட்டு வைத்து வட்டம் வரைந்து வளைவில் ஓட்டுங்கள், சதுரம் வரைந்து மூலையில் நிறுத்தி, ஊசி தாளுக்குள் இறங்கியிருக்கும்போதே பாதத்தைத் தூக்கித் தாளைத் திருப்பப் பழகுங்கள். தாளில் ஓட்டினால் ஊசி மழுங்கும், அதற்கென்று ஒரு பழைய ஊசியை ஒதுக்கி வையுங்கள். இன்னொரு விஷயம், துணியையோ தாளையோ கையால் இழுக்கவே கூடாது. கீழே இருக்கிற பல் அதைத் தானே பின்னால் தள்ளும், நம் கை வழிகாட்டத்தான். இழுத்தால் ஊசி வளைந்து கீழ்த்தகட்டில் இடித்து உடையும், உடைந்த துண்டு முகத்தைப் பார்த்துப் பறக்கும்.

துணியில் முதல் வேலையாக ஜாக்கெட் வேண்டவே வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம், இதில் உங்கள் இணைப்புக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வந்தாலும் சரி. ஜாக்கெட்டில் கழுத்து வளைவு, அக்குள் வளைவு, டக், பட்டி, கொக்கி, போதாததற்கு லைனிங். கை பழகாதவர் இதில் கையை வைத்தால் துணியும் வீண், போட்டுப் பார்த்ததும் மனசும் உடையும். பழைய காட்டன் வேட்டியோ பெட்ஷீட்டோ எடுங்கள், ஜார்ஜெட்டும் சாட்டினும் வழுக்கிக்கொண்டு போகும், பக்கத்திலேயே போகாதீர்கள். முதலில் தலையணை உறை. நாலு நேர்கோடு, இரண்டு மடிப்பு. கீழ்த்தகட்டில் ஊசியிலிருந்து அரை இஞ்ச் தள்ளி ஒரு இன்சுலேஷன் டேப் ஒட்டி, துணியின் ஓரம் அதைத் தொட்டபடியே போகட்டும், தையல் நேராக வந்துவிடும். அடுத்தது பை. 2019 ஜனவரியிலிருந்து பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே சொல்லிவிட்டது, ஆனாலும் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் நின்று பாருங்கள் எத்தனை கையில் துணிப்பை இருக்கிறது என்று. தைத்துத் தெருவில் கொடுங்கள், கோணலாக இருந்தாலும் தக்காளிக்குத் தெரியாது. பையில் கைப்பிடி வைக்கும்போது நாலு மடிப்புத் துணியில் ஓட்ட வேண்டி வரும், அப்போது சக்கரத்தைக் கையால் சுற்றி மெதுவாகக் கடக்கக் கற்றுக்கொள்வீர்கள். அதன் பிறகு உள்பாவாடை, அதில் நீளமான தையலும் நாடாப் பட்டியும் பழகும். ஜாக்கெட் அதற்குப் பிறகுதான், அதுவும் முதலில் லைனிங் இல்லாமல், புதுக் காட்டன் துணியாக இருந்தால் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் முதல் துவைப்பில் சுருங்கி அக்குளில் பிடிக்கும்.

தையல் பொம்பளைங்க சமாச்சாரம் என்று வைத்துப் பெண்கள் இணைப்பில் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. எம்.சி. ரோடு சந்துகளில் தைக்கிறவர்களில் ஆம்பளைங்கதான் எத்தனை பேர். பேன்ட் கால் நீளத்தைக் குறைக்கவும் கிழிந்த ஸ்கூல் பையைத் தைக்கவும் பையன்களுக்கும் தெரிந்தால் என்ன கெட்டுவிடும்?

எந்த மிஷின் வாங்கலாம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வீட்டில் பாட்டி காலத்துக் கறுப்பு மிஷின் இருந்தால் புதிது வாங்காதீர்கள். துடைத்து எண்ணெய் விட்டால் உங்கள் பேத்திவரை ஓடும், பாபினும் ஊசியும் பாரிமுனைப் பக்கம் ஸ்பேர் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. பழையது வாங்குவதென்றால் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள், தட்டாமல் ஒரே சீராக வர வேண்டும். உங்கள் துணியை நீங்களே கொண்டுபோய், உங்கள் முன்னால் தைத்துக் காட்டச் சொல்லுங்கள். பளபளவென்று பெயின்ட் அடித்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். கரண்டில் ஓடுகிற வெள்ளை மிஷின் இடத்தை அடைக்காது, ஹவுசிங் போர்டு வீட்டுக்கு அதுதான் தோது, பூத்தையல் எல்லாம் போடும், ஆனால் ஆரம்பத்தில் கால் அழுத்தம் தெரியாமல் குதிரை ஓட்டம் ஓடும். வேகத்தைக் குறைத்து வைக்கிற வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பவர் மிஷினைப் பழகுகிறவர் வாங்கக் கூடாது. நிமிடத்துக்கு நாலாயிரம் ஐயாயிரம் தையல் போடுகிற சாமான் அது, விரல் முக்கியம். தவணையில் வாங்கலாமா என்றால், சிங்கர் கம்பெனியே 1850-களில் தவணைக்கு விற்றுத்தான் வீடு வீடாக நுழைந்தது, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, வட்டியை மட்டும் கூட்டிப் பாருங்கள். இயந்திரங்களை அவ்வளவாக விரும்பாத காந்தியே 1924-ல் விதிவிலக்குக்கு உதாரணமாகச் சொன்னது சிங்கர் தையல் மிஷினைத்தான்.

எண்ணெய் விஷயத்தில் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன், தேங்காயெண்ணெய் விடாதீர்கள். அன்றைக்கு நன்றாக ஓடும், போகப் போகப் பிசின் மாதிரி இறுகி எல்லா ஓட்டையையும் அடைக்கும், அப்புறம் நான் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழுவ வேண்டும். தையல் மிஷின் ஆயில் என்று கேட்டு வாங்கி ஓட்டைக்கு ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம், விட்ட பிறகு பழந்துணியில் கொஞ்சம் ஓட்டுங்கள், அப்போதுதான் நல்ல துணியில் கறை படாது. புது மாடல் சிலவற்றுக்கு எண்ணெயே தேவையில்லை, புத்தகத்தில் போட்டிருக்கும். கீழ்த்தகட்டைக் கழற்றி பல்லுக்கு நடுவில் இருக்கிற பஞ்சைப் பழைய பல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் கடலோர வீடுகளில் உப்புக் காற்று இரும்பை விடாது, தைத்து முடித்ததும் துடைத்து மூடி வைக்க வேண்டும். ஜன்னலோரம் வெளிச்சத்துக்காக வைப்பது சரி, இரவு முழுக்க அந்த ஜன்னலைத் திறந்து வைத்தால் ஊசிக் கம்பி செம்பழுப்பாகிவிடும்.

வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனை வீட்டில் மிஷின் தண்ணீருக்குள் நின்றது. எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெய்க் கழிவும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. அப்போது மிஷின் போய்விட்டது என்று காயலான் கடைக்கு எடைக்குப் போட்டவர்கள் நிறைய. மிதி மிஷின் தண்ணீரில் மூழ்கினாலும் சாகாது. நல்ல தண்ணீரால் சேற்றைக் கழுவி, துடைத்து, வெயிலில் காயவைத்து, மண்ணெண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் அசைத்து அசைத்து இளக்கி, பிறகு எல்லா ஓட்டையிலும் மிஷின் ஆயில் விட்டால் திரும்ப எழுந்து ஓடும், துரு பிடிக்கும் முன்னால் செய்ய வேண்டும் அவ்வளவுதான். மோட்டார் இருந்தால் மட்டும் ஓடுகிறதா பார்ப்போம் என்று சுவிட்சைப் போடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. மோட்டாரைக் கழற்றி அது தெரிந்தவரிடம் கொடுங்கள். அடுத்த மழைக்கு முன்னால் இதையாவது உங்கள் பத்திரிகையில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

இப்போது நான் கேட்பது இதுதான். இணைப்பில் ஜாக்கெட் தொடரை நிறுத்தச் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு நாலைந்து வாரம் மிஷினுக்குக் கொடுங்கள். நூல் போகிற வழியை அரைப் பக்கத்துக்குப் பெரிய படமாகப் போடுங்கள், கறுப்பு மிஷினுக்கு ஒன்று, வெள்ளை மிஷினுக்கு ஒன்று, வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்கிற மாதிரி, பின்பக்கம் விளம்பரம் வந்தாலும் பரவாயில்லை. சிக்கு விழுந்தால் எதைப் பார்க்கணும், தையல் விட்டு விழுந்தால் எதைப் பார்க்கணும் என்று ஒரு வாரம். ஊசிக்கு ஒரு வாரம். இலவச மிஷின் கொடுக்கிற அதிகாரிகளிடம், மிஷினோடு தமிழில் ஒரு தாள் கொடுக்கிறார்களா, கொடுக்கும் நாளில் ஒரு மணி நேரம் நூல் கோக்கக் காட்டித் தருகிறார்களா என்று உங்கள் நிருபர் ஒருவர் கேட்டு எழுதினால் இன்னும் நல்லது.

படம் வரைய உங்கள் ஓவியருக்கு மிஷின் வேண்டுமென்றால் என் கடைக்கு அனுப்புங்கள். எல்லா மாடலும் தகடு கழற்றித் திறந்தபடியே கிடக்கிறது, டீயும் வாங்கித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கடை லீவு.

இப்படிக்கு,
தையல் மிஷின் மெக்கானிக் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21.